மதியம் 25 நிமிடம் வெளியே: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமையிலிருந்து, ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் வரை, மதிய இடைவேளையில் பிள்ளைகளை 25 நிமிடம் வெளியே கூட்டிப்போகிறோம். தூரமாக எங்கும் இல்லை. பள்ளிக்குப் பின்னால் சில்வர் ஓக் மர வரிசைக்கும் ஓடைக்கும் நடுவே இருக்கும் திடல்தான். ஓடையைத் தாண்ட மாட்டோம். தேயிலைக் காட்டுக்குள் இறங்கவும் மாட்டோம். எல்லைக்கு மஞ்சள் கயிறு கட்டியிருக்கும்.

ஏன் இந்த மாதத்தில் என்று கேட்பீர்கள். ஜூனில் மழை இறங்கினால் கார்த்திகை வரைக்கும் அந்தத் திடலில் உட்கார முடியாது. ஈரம் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். மார்கழியிலும் தையிலும் பனி. ஏப்ரல், மே விடுமுறை. தரை காய்ந்து, அட்டை ஒழிந்து, வானம் தெளிந்து கிடப்பது தைக் கடைசியும் மாசியும்தான். நம் முன்னோர் பின்பனி என்று பிரித்து வைத்த பருவம் இதில்தான் தொடங்குகிறது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது காலைக்கும் இரவுக்கும் பொருந்தும். மதியத்தில் மூணாறு மாதிரி இதமான இடம் வேறு கிடையாது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் நம் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாட நேரம் எதுவும் குறையாது. இடைவேளை 12.30 முதல் 1.30 வரை, அதில் மாற்றமில்லை. ஒன்று முதல் நான்கு வரை படிக்கும் சின்னப் பிள்ளைகள் முதலில் சாப்பிட்டுவிட்டு 12.55க்கு வெளியே வருவார்கள். ஐந்து முதல் ஏழு வரை உள்ளவர்கள் 12.30க்கே வெளியே போய்விட்டு, 12.55க்குத் திரும்பிக் கை கழுவிச் சாப்பிடுவார்கள். இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ஏழு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பும் சின்னப் பிள்ளையை இன்னும் அரை மணி நேரம் பசியோடு நிறுத்தக் கூடாது. பெரிய பிள்ளைகள் விஷயம் வேறு. சோறு கண்ணில் பட்டதும் அள்ளி விழுங்கிவிட்டு விளையாட ஓடுவார்கள், ஓடியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். விளையாடிவிட்டு வந்தால் நிதானமாகச் சாப்பிடுவார்கள், தட்டில் மிச்சமும் குறையும். கை கழுவும் குழாயில் கூட்டமும் பாதியாகும்.

எல்.எஸ்.எஸ்., யூ.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வுகளுக்கான பயிற்சியை இந்த நேரத்தில் வைக்கச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். வைக்க மாட்டோம். பயிற்சி மாலையில் வழக்கம்போல் நடக்கும். காலை முழுக்கப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கும் தலைக்கும் இந்த 25 நிமிடம் தேவை. அதை எடுத்துப் பாடத்துக்குக் கொடுத்தால் மதியம் இரண்டு மணிப் பாடம்தான் தூங்கி வழியும்.

கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. வெளிச்சத்தின் அளவுதான் முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். நம் வகுப்பறை மாதிரி ஓர் அறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். வெளியே மர நிழலில்கூட அது சில ஆயிரம். ஆகவே பிள்ளை வெயிலில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. நிழலில் உட்கார்ந்தாலே கண்ணுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

வெயில் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். குளிர்ந்த ஊர், வெயில் என்ன செய்துவிடும் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சூடு குறைவு என்பதால் புற ஊதாக் கதிர் குறைவு என்று ஆகாது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நாம் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். குளிர்காற்று வீசுவதால் தோல் காய்வது பிள்ளைக்குத் தெரியாது. சாயங்காலம் கன்னமும் மூக்கும் கறுத்து எரியும்போதுதான் தெரியும். அதனால் இடைவேளை முழுக்க சில்வர் ஓக் நிழலில்தான். தொப்பி கட்டாயம், சுற்றிலும் விளிம்பு உள்ள துணித் தொப்பியாக இருந்தால் நல்லது. கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது. கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிடும் புற ஊதாக் குறியீட்டைத் தினமும் பார்ப்போம். மஞ்சள் எச்சரிக்கை, அதாவது 6 அல்லது 7 என்றால், திட்டப்படி நடக்கும். ஆரஞ்சு, 8 முதல் 10 வரை என்றால், அடர்ந்த நிழலில் மட்டும் 15 நிமிடம். சிவப்பு என்றால் வராந்தாவோடு சரி.

இதைப் பிள்ளைகளே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு வேலை வைத்திருக்கிறோம். சமதரையில் ஒரு கம்பை நடுவார்கள். தரைக்கு மேலே சரியாக ஒரு மீட்டர் நிற்க வேண்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பு சாயாமல் நிற்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தப்பு இங்கேதான் வரும். கம்பு ஒரு விரல் அளவு சாய்ந்தாலும் கணக்கு கெட்டுப்போகும். 12.30லிருந்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். கற்களில் கம்புக்கு மிக அருகில் இருப்பது எது என்று பார்த்தால், அது 12.36ஐ ஒட்டி வைத்த கல்லாக இருக்கும். சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சியில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளை அங்கே கேள்வி கேட்கும். நம் கடிகாரம் மிர்சாப்பூர் அருகே போகும் 82.5 பாகைக் கோட்டுக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே 77 பாகையில் இருப்பதால் 22 நிமிடம் தாமதம். பூமி சூரியனைச் சுற்றும் பாதையாலும் அதன் சாய்வாலும் பிப்ரவரியில் இன்னொரு 14 நிமிடம். நிழல் மிகக் குட்டையாக இருக்கும்போது அது காட்டும் திசை நேர் வடக்கு. அந்த நிழல் பிப்ரவரி முதல் வாரம் சுமார் 51 சென்டிமீட்டர், நடுவில் 43, மாதக் கடைசியில் 33 இருக்கும். நிழல் குட்டையாக ஆக வெயில் கூர்மையாகிறது என்பதை இந்த அளவுகளே காட்டிவிடும். உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் மர நிழலுக்கு வந்துவிடு என்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விதி. வீட்டிலும் அதையே சொல்லுங்கள்.

மற்றபடி இது பாடம் இல்லை. மதிப்பெண் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, நோட்டில் எழுதிக் காட்ட வேண்டியதும் இல்லை. முதல் ஐந்து நிமிடம் மட்டும் ஒழுங்கு உண்டு. ஆளுக்கு ஓர் இடம், பக்கத்துப் பிள்ளையிடமிருந்து மூன்று எட்டு தள்ளி, பேசாமல் உட்கார வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இரண்டு நிமிடம் போதும். முதல் மூன்று நாள் சிரிப்பாக இருக்கும், அதட்ட மாட்டோம். உட்கார ஒரு அடிச் சதுரச் சாக்குத் துண்டு கொடுத்தனுப்புங்கள். காய்ந்த தரைதான் என்றாலும் நிழலில் மதியத்திலும் கொஞ்சம் பனி ஈரம் இருக்கும். அரிசிச் சாக்காக இருக்கட்டும். உரச் சாக்கு வேண்டவே வேண்டாம். எத்தனை முறை அலசினாலும் தையலுக்குள் உரம் தங்கிவிடும். அந்தக் கையோடு பிள்ளை சாப்பிட உட்காரும்.

அந்த ஐந்து நிமிடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். திடலிலிருந்து கீழே பாருங்கள். ஓடையை ஒட்டிய தேயிலைச் செடிகள் வெந்தது மாதிரி பழுப்பாக நிற்கின்றன. பத்தடி மேலே ஏறினால் அதே செடி பச்சையாக இருக்கிறது. நடுவே கோடு போட்ட மாதிரி எல்லை. உறைபனியில் கருகிய காடு அது. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட்டுகளிலும் தேவிகுளத்திலும் பள்ளமும் சதுப்பும் வெளுத்துக் கிடக்க, மேட்டில் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகளான லயத்தின் வாசலில் ஒன்றும் இல்லாமல் இருப்பது இதனால்தான். இலைக்குள் இருக்கும் நீர் உறையும்போது உள்ளே இருப்பது கிழிந்துபோகிறது. காலை வெயில் பட்டு உருகியதும் இலை கருகித் தொங்குகிறது. அந்தப் பழுப்புக் கோடு குளிர்காற்று அன்றிரவு எவ்வளவு உயரம் தேங்கி நின்றது என்பதற்கு அடையாளம். அதற்கு நடுவில் ஒரே ஒரு செடி பச்சையாக இருந்தால், அதன் மேலே ஒரு மரக்கிளை குடை பிடித்திருக்கும். பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும். கொழுந்து குறைந்து கூலி குறையும் மாதம் இது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏன் குறைகிறது என்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

ஓடைக் கல்லில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் குருவி ஒன்று உண்டு. முதுகு சாம்பல், அடிவயிறு மஞ்சள். சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் குளிருக்கு இங்கே வருகிறது, வெயில் ஏறினால் திரும்பிவிடும். ஆண்டுத் தேர்வு முடியும் சமயத்தில் அது கிளம்பத் தொடங்கும். மேட்டில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கிறது. மரத்துக்கு மரம் கூட்டமாகத் தாவும் பச்சைக் குருவிகளின் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும், அதனால் பெயரே வெள்ளைக்கண்ணி. இந்தச் சமயத்தில் ராஜமலைக்குச் சுற்றுலா கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் அங்குள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக மூடிவிடுவார்கள். குட்டிகளை நிம்மதியாக விடுவோம். பார்க்க வேண்டியது பள்ளியின் பின்புறத்திலேயே நிறைய இருக்கிறது.

இனி ஆபத்துகள். மறைத்துச் சொல்லக் கூடியவை அல்ல.

யானை, காட்டுமாடு. தினமும் 12.15க்கு ஓர் ஆசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து ஒருவரும் திடலைச் சுற்றிப் பார்ப்பார்கள். பக்கத்துத் தோட்ட டிவிஷனில் யானை நிற்பதாக வனத்துறையிடமிருந்தோ உங்களிடமிருந்தோ தகவல் வந்தால் அன்றைக்கு வெளியே போக மாட்டோம். திடலுக்குச் சாப்பாடு எதையும் கொண்டுபோக அனுமதி இல்லை. பிஸ்கட், பழம், மிட்டாய் எதுவும் கிடையாது. காய்கறிக் கழிவைத் தேடி வரும் காட்டுயானை படையப்பாவை நம் ஊரில் அறியாதவர் இல்லை. யானை வராத இடத்துக்குக் குரங்கு வரும். ஒரு நாள் ஒரு வாழைப்பழம் கிடைத்தால் மறுநாள் கூட்டமாக வந்து பையைப் பிடுங்கும்.

மலைத்தேனீ. யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரத்தின் உயரக் கிளைகளில் அடை தொங்கும். கல்லெறிவது, கீழே புகை போடுவது இரண்டும் கூடாது. கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு வகுப்பறைக்குள் ஓடி வர வேண்டும். ஓடையில் குதிக்கக் கூடாது, தலையை வெளியே நீட்டும்வரை அவை மேலேயே சுற்றும். கொட்டிய முள்ளை உடனே எடுக்க வேண்டும். நகத்தால் எடுத்தாலும் சரி, காகித அட்டையால் சுரண்டினாலும் சரி, வேகம்தான் முக்கியம். முள்ளோடு ஒட்டிய பை விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம், வழியில்தான் உங்களுக்குப் போன் செய்வோம். முன்பு தேனீயோ குளவியோ கொட்டி உடம்பு தடித்த பிள்ளை என்றால் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உண்ணி. மாடும் மிளாவும் மேயும் புல்லில் வறண்ட மாதங்களில் இருக்கும். சாயங்காலம் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், பிடரி, அக்குள், இடுப்பு நாடா இருக்கும் இடம், முழங்கால் மடிப்பு இவற்றைத் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சி வைப்பதும் வேண்டாம், உண்ணி கலைந்து கிருமியை உள்ளே கக்கிவிடலாம். வெளியே உட்கார்ந்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பிள்ளை புல்லில் உட்கார்ந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருந்தால் காட்டுங்கள். உண்ணியைவிட மிகச் சிறிய, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு புல் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் தெரிந்தால் மருந்தில் கேட்டுவிடும்.

ஓடைக்கரையில் மணி மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளை, ஆரஞ்சுப் பூ. ஊமத்தையின் இனம். பூ, இலை, விதை எல்லாமே விஷம். பறித்த கையால் கண்ணைத் தேய்த்தாலே கண்மணி விரிந்து பார்வை மங்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த செடிகளை வெட்டியாயிற்று. ஆனால் லயத்துப் பக்கத்திலும் இது நிறைய இருக்கிறது, பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டுங்கள். காட்டுப்பூவரசின் பூவை உறிஞ்சுவதும் உன்னிச்செடியின் பச்சைக் காயைத் தின்பதும் கூடாது.

மருந்தடிப்பு. இதில் எங்களைவிட உங்களுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். பள்ளிக்குப் பக்கத்துக் காட்டில் மருந்தடிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாள் மாலையே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அன்றும் மறுநாளும் உள்ளேயே இருந்துகொள்வோம். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் சரி, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. காட்டுத்தீயின் புகை வந்தாலும் அப்படியே. இழுப்பு உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் வகுப்பு ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

உடை. காலையில் பனிக்குப் போட்டு அனுப்பும் கம்பளி ஸ்வெட்டரோடு மதியம் ஓடினால், உள்ளே பனியன் வியர்வையில் நனையும். இரண்டு மணிக்குக் காற்று மாறும்போது அந்த ஈரம்தான் பிள்ளையை நடுங்க வைக்கிறது. சளிக்கு வெளிக்காற்றைக் குறை சொல்லுகிறோம். ஆகவே வெளியே போகும் முன் ஸ்வெட்டர் நாற்காலியில் தொங்கும், திரும்பி வந்து பத்து நிமிடம் ஆனதும் மறுபடி போட்டுக்கொள்வார்கள். இடுப்பில் கட்டக் கூடாது, ஒட்டுமுள் ஏறிவிடும். பையில் ஒரு மாற்றுப் பனியன் வைத்தனுப்புங்கள். தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு அடுக்கு நல்லது, ஒன்றைக் கழற்றலாம். உதடும் கன்னமும் வெடிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பாட்டிலில் உறைந்து கிடந்தால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே உருகிவிடும், 24 டிகிரிக்கு மேல் அது உறைந்திருக்காது.

தண்ணீர். குளிரில் பிள்ளைக்குத் தாகம் தெரியாது. அரை லிட்டர் பாட்டிலில் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். மதிய மணிக்குள் பாதி காலியாக வேண்டும், வகுப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வார். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்க விட மாட்டோம்.

நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குத் திடலின் மேல் ஓரத்தில், வராந்தாவை ஒட்டிச் சரிவில்லாத இடத்தில் பெஞ்சு போடுகிறோம். அவர்களோடு உட்கார தினமும் இரண்டு பிள்ளைகள் முறை வைத்து வருவார்கள். அதே இடத்தில்தான் கம்பும் நடப்படும், நிழல் அளக்கும் பொறுப்பு அந்தப் பெஞ்சுக்கு.

உங்களிடம் கேட்பது மூன்று. 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது எங்கள் கணக்கு. அதோடு கயிற்றின் இரண்டு முனையிலும் ஆளுக்கொருவர் நிற்க வேண்டும். உங்களுக்கு வேலை நாளில் முடியாது என்று தெரியும். வீட்டில் ஓய்வுபெற்ற தாத்தா, பாட்டி இருந்தால் வாரத்தில் ஒரு நாள் 12.15 முதல் 1.25 வரை வரச் சொல்லுங்கள். இந்தக் காட்டை அவர்களைவிட அறிந்தவர்கள் இல்லை, எந்தப் பக்கத்தில் புல் அசைந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு பள்ளியில். இரண்டாவது, தொப்பி, சாக்கு, மாற்றுப் பனியன் மூன்றிலும் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எழுதுங்கள். தொப்பி வாங்க முடியாதவர்கள் வகுப்பு ஆசிரியரிடம் தனியாகச் சொன்னால் போதும், பள்ளியில் தைத்து வைத்திருக்கிறோம். மூன்றாவது, இத்துடன் வரும் சம்மதச் சீட்டு.

சீட்டில் பிள்ளையின் பெயர், வகுப்பு, ஒவ்வாமை அல்லது இழுப்பு உண்டா, இப்போது எடுக்கும் மருந்து, மதியம் 12.30 முதல் 1.30 வரை நிச்சயம் எடுக்கக்கூடிய போன் எண் இரண்டு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். மலையில் சிக்னல் இல்லாத காட்டில் வேலை என்றால், இரண்டாவது எண் லயத்தில் இருக்கும் யாருடையதாவது இருக்கட்டும். சீட்டு வராத பிள்ளை வராந்தாவில் ஓர் ஆசிரியரோடு இருக்கும், வெளியே அனுப்ப மாட்டோம். சந்தேகம் இருந்தால் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் பள்ளிக்கு வாருங்கள். திடலையும் கயிறு கட்டிய எல்லையையும் கூடவே நடந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்